சாம்ப்ளரில் ஒயர்லெஸ் விசைப்பலகை: ஒலித்துண்டுகளுக்குப் பெயரிட வழி உண்டா?

கேள்வி (கும்பகோணம்)

அனைவருக்கும் வணக்கம். கச்சேரி வட்டாரத்தில் கீபோர்டு என்றால் வாத்தியம்தான் நினைவுக்கு வரும் என்பதால், கணினியில் தட்டச்சு செய்வதை இங்கே விசைப்பலகை என்றே எழுதுகிறேன்.

என் பெரியப்பா நாற்பது ஆண்டுகளாகத் தவில் வாசிப்பவர். அவர் கை ஓய்வதற்குள் ஒவ்வொரு சொல்லையும், அதாவது தொம், நம் போன்ற ஒவ்வொரு அடியின் ஒலியையும், தனித்தனியாகப் பதிந்து வைத்துவிட வேண்டும் என்ற ஆசையில், கணினி இல்லாமல் தனியாகவே இயங்கும் சாம்ப்ளர் ஒன்றை வாங்கினேன். ஒலித்துண்டுகளைப் பதிந்து, பேடு எனும் தட்டும் கட்டைகளால் அவற்றை வாசிக்க உதவும் கருவி அது. தவிலின் வலந்தலைப் பக்கத்தில் விரல்கூடு போட்ட அடிகளும் மறுபக்கமான தொப்பியில் குச்சி அடிகளுமாக 11 வகை எடுத்துக்கொண்டோம். ஒவ்வொன்றையும் 4 அழுத்தங்களில், அழுத்தத்துக்கு 3 முறை பதிந்தால் 132 ஒலித்துண்டுகள் ஆகின்றன. பெயருக்கு 12 எழுத்து என்றாலும், சாம்ப்ளரின் சக்கரத்தைத் திருகித் திருகி 1,584 எழுத்துகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரியப்பாவோ அடுத்த அடிக்குக் கையை ஓங்கியபடி காத்திருக்கிறார்.

வீட்டிலிருந்த பழைய ஒயர் விசைப்பலகையைச் சாம்ப்ளரின் யுஎஸ்பி போர்ட்டில் செருகியபோது எழுத்துகள் உடனே விழுந்தன. ஆனால் அதன் ஒயர் தவிலுக்கும் மைக்குக்கும் குறுக்கே கிடக்கிறது. கால் பட்டால் அந்த உராய்வும் பதிவாகிவிடுகிறது. அதனால் டச்பேட் சேர்ந்த ஒயர்லெஸ் விசைப்பலகை ஒன்றை வாங்கி, அதன் சிக்னலைப் பெறும் குட்டி ரிசீவரை, ஒரு போர்ட்டைப் பலவாக்கும் யுஎஸ்பி ஹப் வழியாகச் செருகினேன். விசைப்பலகையின் விளக்கு எரிகிறது, லேப்டாப்பில் நன்றாக இயங்குகிறது, ஆனால் சாம்ப்ளரில் ஓர் எழுத்துகூட வரவில்லை. இதற்குப் பதில் புளூடூத் வாங்க வேண்டுமா? பெயர்களைத் தமிழிலேயே இட முடியுமா? பேடுகளுக்குப் பதிலாக இதே விசைகளைத் தட்டி வாசிக்கவும் முடியுமா?

மறுமொழி 1 (மன்னார்குடி)

ஒயர்லெஸ் என்பது உங்கள் விசைப்பலகைக்கும் அந்தக் குட்டி ரிசீவருக்கும் இடையே உள்ள ஏற்பாடு மட்டுமே. சாம்ப்ளருக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. அதன் பார்வையில் ரிசீவர்தான் விசைப்பலகை. ஆகவே அந்த ரிசீவர் தன்னை என்னவென்று அறிமுகப்படுத்திக்கொள்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

யுஎஸ்பி தரநிலையில் விசைப்பலகைக்கென்றே மிக எளிய வடிவம் ஒன்று உண்டு. கணினி முழுதாக விழித்தெழும் முன்பே, பயாஸ் எனும் தொடக்க அமைப்புத் திரையில் தட்டச்சு செய்ய முடிவது அதனால்தான். அதில் ஒவ்வொரு செய்தியும் 8 பைட்: முதல் பைட் ஷிப்ட், கன்ட்ரோல் போன்றவற்றுக்கு, இரண்டாவது ஒதுக்கி வைத்தது, மீதி ஆறும் ஒரே நேரத்தில் அழுந்தியிருக்கும் ஆறு விசைகளின் எண்களுக்கு. பழைய ஒயர் விசைப்பலகைகள் பெரும்பாலும் இவ்வளவுதான் பேசும். டச்பேட் சேர்ந்தவற்றின் ரிசீவர் ஒரே நேரத்தில் விசைப்பலகையாகவும் மவுஸாகவும், சிலவற்றில் ஒலியளவு விசைகளுக்கான மூன்றாவது சாதனமாகவும் தன்னைக் காட்டிக்கொள்ளும். லேப்டாப் மூன்றையும் பிரித்து அறிந்துகொள்கிறது. சாம்ப்ளரின் சிறிய மென்பொருளுக்கு அந்தப் பொறுமை எப்போதும் இருப்பதில்லை. நடுவில் ஹப்பும் இருந்தால் தகராறு இன்னும் கூடும். எனவே முதலில் ஹப்பை எடுத்துவிட்டு, சாம்ப்ளரை அணைத்த நிலையிலேயே ரிசீவரை நேரடியாகச் செருகி, பிறகு இயக்கிப் பாருங்கள். அப்படியும் வரவில்லையென்றால் டச்பேட் இல்லாத எளிய ஒயர்லெஸ் விசைப்பலகையை யாரிடமாவது இரவல் வாங்கிச் சோதித்த பிறகு பணம் செலவழியுங்கள்.

புளூடூத் விசைப்பலகைக்குச் சாம்ப்ளருக்குள்ளேயே புளூடூத் இருக்க வேண்டும், அதுவும் விசைப்பலகையை ஏற்பதாக இருக்க வேண்டும். மிடி (இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசும் முறை) கருவிகளை மட்டும் புளூடூத்தில் ஏற்கும் இயந்திரங்களும் இருப்பதால், கையேட்டைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

தமிழ்ப் பெயர் பற்றி: விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை, விசையின் எண்ணை மட்டுமே அனுப்புகிறது. ஆங்கில ஏ விசையின் எண் 4. தமிழ்99 எனும் தமிழ்த் தட்டச்சு முறையில் அந்த விசைதான் அ. அங்கே அ என்று அச்சிட்டிருந்தாலும் போவது அதே 4தான். அதை அ என்று புரிந்துகொள்வதும் திரையில் வரைவதும் சாம்ப்ளரின் வேலை, அதற்கான எழுத்துரு அதனுள் இருந்தாக வேண்டும். ஆங்கில எழுத்தில் சுருக்கமாக எழுதுவதே இப்போதைக்குப் பாதுகாப்பு.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. ஹப்பை எடுத்துவிட்டு நேராகச் செருகியதும் எழுத்துகள் வந்துவிட்டன. ஆனால் புதிய சிக்கல் ஒன்று. தொம் என்பதற்கு டி, ஹெச், ஓ, எம் என்று அடித்தால் சில சமயம் ஓ விழுவதில்லை, சில சமயம் எம் இரண்டு முறை விழுகிறது. காலையில் சரியாக இருந்தது. பதிந்தவற்றை லேப்டாப்பிலிருந்து வெளி டிஸ்குக்கு நகலெடுக்கத் தொடங்கிய பிறகுதான் இப்படி. பேட்டரி புதியது.

மறுமொழி 2 (திருவையாறு)

அந்த டிஸ்க் யுஎஸ்பி 3 வகையா, அது சாம்ப்ளரின் பின்புறத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறதா என்று பாருங்கள். யுஎஸ்பி 3 வேகத்தில் தரவு ஓடும்போது கேபிளிலிருந்தும் இணைப்பியிலிருந்தும் கசியும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் பரவுகிறது. உங்கள் ரிசீவர் காது கொடுப்பதும் அதே அலைவரிசைக்குத்தான். இன்டெல் நிறுவனம் 2012இல் இதை அளந்து அறிக்கையாகவே வெளியிட்டது. மேளக்கட்டுக்கு நடுவே நின்றுகொண்டு ஒருவர் காதில் ரகசியம் சொல்வதைப் போன்ற நிலைமை இது.

தீர்வு எளிது. சாதாரண யுஎஸ்பி 2 நீட்டிப்புக் கேபிள் ஒன்றை வாங்கி, ரிசீவரைச் சாம்ப்ளரின் பின்புறத்திலிருந்து வெளியே கொண்டுவந்து, விசைப்பலகை நேராகப் பார்க்கும் இடத்தில் வையுங்கள். டிஸ்க்கை அரை மீட்டராவது தள்ளி வையுங்கள்.

வாசிப்பது குறித்துக் கேட்டிருந்தீர்கள். அதற்கு இது வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. விசைப்பலகையின் விசை வெறும் சுவிட்ச். அழுந்தியதா இல்லையா என்பதைச் சொல்லுமே தவிர, எவ்வளவு வேகமாக அழுந்தியது என்பதைச் சொல்லாது. நான்கு அழுத்தங்களில் பாடுபட்டுப் பதிந்த பிறகு எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்தில் தட்டினால் பெரியப்பாவின் கை அதில் எங்கே இருக்கும்? வாசிக்கப் பேடும், எழுத விசைப்பலகையும் இருக்கட்டும்.

மறுமொழி 3 (திருவாரூர்)

பழைய சாம்ப்ளர் வைத்திருப்பவர்கள் இந்த இழையைப் படிக்கக்கூடும் என்பதால் இதையும் சேர்க்கிறேன். சாம்ப்ளரில் தட்டச்சு செய்வது புதிய யோசனை அல்ல. 1990களின் இறுதியில் வந்த அகாய் எஸ்5000, எஸ்6000 ஆகியவற்றிலேயே கணினி விசைப்பலகைக்கென்று, யுஎஸ்பிக்கு முந்தைய வட்ட வடிவ இணைப்பான பிஎஸ்/2 துளை இருந்தது. அந்தத் துளையில் யுஎஸ்பி ரிசீவரைப் பச்சை அல்லது ஊதா நிற அடாப்டர் வழியாகச் செருகினால் மட்டும் போதாது. அந்த அடாப்டர் வெறும் கம்பி மாற்றிதான், மொழிபெயர்ப்பாளர் அல்ல. ரிசீவருக்கே பிஎஸ்/2 மொழியும் தெரிந்திருக்க வேண்டும். சாம்ப்ளர் ஓடும்போது அந்தத் துளையில் எதையும் செருகவோ பிடுங்கவோ கூடாது.

கும்பகோணம் நண்பருக்கு ஒரு வேண்டுகோள். பெயர்களைப் பிறகு லேப்டாப்பில் மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். பல சாம்ப்ளர்களில் எந்தப் பேடுக்கு எந்தத் துண்டு என்பது கோப்பின் பெயராலேயே நினைவில் வைக்கப்படுகிறது. பெயரை வெளியில் மாற்றினால் பேடு மௌனமாகிவிடும். பதிந்த கையோடு பெயரிட்டுவிடுங்கள். பக்கம், சொல், அழுத்தம், முறை என்ற வரிசையில் எழுதினால் பட்டியலில் தானாகவே அடுக்கி நிற்கும்.

கேள்வி கேட்டவர்

நீட்டிப்புக் கேபிள் போட்டு, ரிசீவரைத் தவில் உறையின் மேல் வைத்திருக்கிறேன். டிஸ்க் ஜன்னல் திண்டுக்குப் போய்விட்டது. நேற்று மாலை வலந்தலையின் 60 துண்டுகளுக்கும் எழுத்துப் பிசகாமல் பெயரிட்டு முடித்தோம். நான் தட்டச்சு செய்ய, பெரியப்பா பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொன்றையும் கேட்டு, "இது நம் இல்லை, தி" என்று இரண்டு இடங்களில் திருத்தினார். மழை ஈரத்தில் தோல் தளர்ந்திருப்பதால், வாரை இழுத்துக் கட்டிவிட்டுத் தொப்பிப் பக்கத்தை வெயில் வந்த பிறகு தொடங்கலாம் என்கிறார். மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி.