டிஎஸ்-1 பெடல் வண்டு மாதிரி இரையுது, கிரஞ்ச் சத்தம் வர மாட்டேங்குது

மண்டபம்_மூணுபேர்:
நாங்க மூணு பேர் குழு, கிரஞ்ச் (சியாட்டில்ல பொறந்த கரடுமுரடான ராக்) வாசிக்கிறோம்: கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ் மட்டும். ஸ்டிராட் வடிவ கிட்டார், சிங்கிள் காயில் (ஒத்தைச் சுருள்) பிக்கப். பாஸ் (Boss) கம்பெனியோட டிஎஸ்-1 டிஸ்டார்ஷன் பெடல், 20 வாட் சாலிட் ஸ்டேட் ஆம்ப். தனியா வாசிச்சா பயங்கரமா இருக்கு, டிரம்ஸ் சேர்ந்ததும் கிட்டார் காணாமப் போயிடுது. வாசிக்காதப்ப ஒரே இரைச்சல். கடல் பக்கத்துலயே ரூம், தந்தி ரெண்டு வாரத்துல கறுத்துடுது. இன்னொண்ணு: நிர்வாணா குழுவோட முதல் ஆல்பம் 'பிளீச்' மாதிரி கரடுமுரடா பதிவு பண்றதா, அடுத்த ஆல்பம் 'நெவர்மைண்ட்' மாதிரி பளபளன்னா? ரெண்டாவதுக்குக் காசு வேணும்ங்கிறாங்க.

பாம்பன்_பெடல்:
தம்பி, டிஎஸ்-1-ல டிஸ்டார்ஷனை முழுசா திருப்பி வெச்சிருப்பீங்க. அந்தப் பெடலோட டோன் சர்க்யூட் நடு அலைவரிசையை ஏற்கனவே குடைஞ்சு எடுத்துடும். ஆம்ப்லயும் மிட் (நடு அலைவரிசை) குறைச்சா மிச்சம் இருக்கிறது அடியில தொம்மும் மேல கீச்சும்தான். அடியை பேஸ் கிட்டார் மூடிடும், கீச்சை சிம்பல் மூடிடும். டிஸ்டார்ஷன் குமிழை கடிகார முள் மாதிரி 12 மணி நிலையில வைங்க, டோன் 10 மணி. ஆம்ப் குமிழ்ல மிட் 7, பேஸ் (அடி ஒலி) 4, டிரெபிள் (மேல் ஒலி) 5. லெவலை மட்டும், பெடலை மிதிச்சா கிளீனைவிட ஒரு படி உயர்ற அளவுக்கு ஏத்துங்க. தனியா கேட்டா மூக்கால பேசற மாதிரி இருக்கும். இருக்கட்டும், டிரம்ஸோட கேளுங்க.

நிர்வாணாவோட பாடகர், கிட்டாரிஸ்ட் கர்ட் கோபேனும் டிஎஸ்-1 தான், ஆனா கிட்டார்ல பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் (இரைச்சலை அடக்குற ரெட்டைச் சுருள் பிக்கப்). சிங்கிள் காயில் அளவிலேயே வர்ற ஹம்பக்கர் கிடைக்குது, பிரிட்ஜுக்கு மட்டும் ஒண்ணு போட்டா, அந்தப் பிக்கப்ல வாசிக்கிறப்ப இரைச்சலும் குறையும். சியாட்டில் குழு மட்ஹனி பாணி குழைஞ்ச சத்தம் வேணும்னா டிஎஸ்-1 ஒத்துவராது, ஃபஸ் பெடல் வேணும். அவங்க 1988 இ.பி.க்கு (சின்ன ஆல்பம்) 'சூப்பர்ஃபஸ் பிக்மஃப்'ங்கிற பேரே ரெண்டு ஃபஸ் பெடல் பேரைச் சேர்த்து வெச்சதுதான்.

இரைச்சல் எங்கிருந்துன்னு பார்க்க: தந்தியைத் தொட்டதும் குறைஞ்சா அது கிட்டாருக்குள்ள ஷீல்டிங் இல்லாதது. முன்பக்க பிக்கார்டைக் கழட்டி உள்குழியில செப்பு டேப் ஒட்டி, அதை கிரவுண்ட் ஒயரோட ஈயம் வெச்சுப் பத்தவைங்க. தொட்டாலும் குறையலன்னா அடாப்டரை மாத்திப் பாருங்க: 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ். தொடும்போது சுருக்குன்னு ஷாக் அடிச்சா வாசிக்கிறதை அப்பவே நிறுத்துங்க. உப்பு மண்ணுல எர்த் பைப் அரிச்சுப் போயிருக்க வாய்ப்பு அதிகம், எலெக்ட்ரீஷியன் பார்க்கட்டும். இரைச்சல் போகும்னு பிளக்கோட மூணாவது பின்னை உடைக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

கீழக்கரை_காக்கா:
பதிவு கேள்விக்கு வர்றேன். 'பிளீச்'சுக்கு ஆன செலவு 606 டாலர் 17 சென்ட். சியாட்டில்ல ரெசிப்ரோக்கல் ஸ்டூடியோ, பதிவு பண்ணவர் ஜாக் எண்டினோ, எட்டு டிராக். காசு கொடுத்தவர் அப்புறம் குழுவுல சேர்ந்த ஜேசன் எவர்மேன். அட்டையில கிட்டார்னு அவர் பேர் இருக்கும், ஆல்பத்துல ஒரு நோட்டுகூட அவர் வாசிக்கல!

'நெவர்மைண்ட்' 1991 மே மாசம் சவுண்ட் சிட்டி ஸ்டூடியோவுல தயாரிப்பாளர் புட்ச் விக் பதிவு பண்ணது, மிக்ஸ் ஆண்டி வாலஸ். பட்ஜெட் எங்கயோ போயிடுச்சு, உண்மைதான். ஆனா அந்தப் பளபளப்புல பெரும் பங்கு ஒரே பாகத்தைத் திரும்ப வாசிச்சு அடுக்கினதுல வந்தது. கோபேனுக்குக் குரலை ரெண்டு தடவை பாடப் பிடிக்காது. ஜான் லெனான் அப்படித்தான் பண்ணார்னு சொல்லி விக் பாட வெச்சார்.

அதை நீங்க லேப்டாப்புல இலவசமாவே பண்ணலாம். கிட்டார் பாகத்தை ரெண்டு தடவை தனித்தனியா வாசிங்க, ஒண்ணு முழு இடது, ஒண்ணு முழு வலது. முதல் டிராக்கை காப்பி பண்ணி மறுபக்கம் போட்டா விரியாது, அதே சத்தம் நடுவுல கொஞ்சம் உரக்கக் கேக்கும், அவ்வளவுதான். ரெண்டு வாசிப்புக்கும் உள்ள சின்னச் சின்ன வித்தியாசம்தான் அகலம். டிஸ்டார்ஷனை மேடையில வைக்கிறதைவிடக் குறைங்க, ரெண்டு சேரும்போது தானா கூடும். பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் நடுவுலயே.

மண்டபம்_மூணுபேர்:
நன்றி காக்கா. அப்போ நிர்வாணா மாதிரி குழுக்கள் காசுக்காகத் தங்களை 'வித்துட்டாங்க'ன்னு எல்லாரும் திட்டுறது எதை?

கீழக்கரை_காக்கா:
சத்தத்தைவிட கணக்கைப் பாருங்க. நம்ம கரையில வியாபாரிகிட்ட முன்பணம் வாங்குன படகு, மீனை அவர்கிட்டதான் போடணும், விலையும் அவர் சொல்றதுதான். லேபிள் (இசைத்தட்டு கம்பெனி) தர்ற அட்வான்ஸ் ஏறக்குறைய அந்த வகை. ஆல்பம் ஓடலன்னா பொதுவா திருப்பிக் கேக்க மாட்டாங்க. ஓடுச்சுன்னா ஸ்டூடியோ செலவும் வீடியோ செலவுல ஒரு பங்கும் கழிஞ்ச பிறகுதான் ராயல்டி கைக்கு வரும். மாஸ்டர் டேப் லேபிளோடது.

'நெவர்மைண்ட்' போட்ட லேபிள் டிஜிசி முதல்ல அமெரிக்கக் கடைகளுக்கு அனுப்புனது சுமார் 46,000 பிரதிதான். எம்டிவி சேனல் அதோட பாட்டு வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுச்சு. 1991 மே மாசத்துலதான் விற்பனைப் பட்டியல் போடுற பில்போர்டு பத்திரிகையும், கடைக்காரங்ககிட்ட கேட்டு எழுதுறதை விட்டுட்டு, பார்கோடு விற்பனைக் கணக்குக்கு மாறுச்சு. 1992 ஜனவரியில மைக்கேல் ஜாக்சனைத் தள்ளிட்டு நம்பர் 1. அப்புறம் ஒவ்வொரு கம்பெனியும் சியாட்டிலுக்கு ஃபிளைட் ஏறுச்சு. அந்த நவம்பர்ல உடை வடிவமைப்பாளர் மார்க் ஜேகப்ஸ் கிரஞ்ச்காரங்க போடுற ஃபிளானல் சட்டையை பேஷன் மேடையில ஏத்தினார், அதுக்கே வேலை போச்சு. பழைய துணிக் கடையில குளிருக்கு வாங்குற சட்டை அது! (நம்ம ஊர் மேடையில யாரும் போட்டுடாதீங்க, ரெண்டாவது பாட்டுக்குள்ள மயங்கிடுவீங்க.) அதே மாசம் நியூயார்க் டைம்ஸ் 'கிரஞ்ச் சொல் அகராதி'ன்னு ஒண்ணு போட்டுச்சு. 'பிளீச்' போட்ட சியாட்டில் லேபிள் சப் பாப்ல வேலை பார்த்த மேகன் ஜாஸ்பர் போன்லயே கேலியா இட்டுக்கட்டுன வார்த்தைங்க எல்லாம்.

தொண்டி_டிரம்ஸ்:
பாதிதான் ஒத்துக்குவேன். இசைக்குழுக்கள் ஏதோ ஏமாந்த மாதிரி சொல்லாதீங்க. சியாட்டில் குழு சவுண்ட்கார்டன் 1989-லயே ஏ அண்ட் எம்ங்கிற பெரிய லேபிளுக்கு ஆல்பம் போட்டாச்சு. ஏழை லேபிள்னு கொண்டாடுற சப் பாப்பே 1991-ல திவாலாகுற நிலை, 'நெவர்மைண்ட்' விற்பனையில கிடைச்ச பங்குதான் கை கொடுத்துச்சு. 1995-ல அவங்களே 49 சதவீதத்தை வார்னருக்கு வித்தாங்க.

எதிர்த்து நின்னதுக்கும் கணக்கு இருக்கு. டிக்கெட்டுக்கு மேல போடுற கட்டணத்தைக் குறைக்கணும்னு பேர்ல் ஜாம் குழு 1994-ல டிக்கெட் விக்கிற டிக்கெட்மாஸ்டர் கம்பெனி மேல அமெரிக்க அரசோட நீதித்துறைகிட்ட புகார் கொடுத்தாங்க. அடுத்த வருஷம் விசாரணையை மூடிட்டாங்க. நிர்வாணாவோட அடுத்த ஆல்பம் 'இன் யூட்டரோ'வைப் பதிவு பண்ண ஸ்டீவ் அல்பினி ராயல்டியே வேண்டாம்னு ஒரே தொகையா 1,00,000 டாலர் மட்டும் வாங்கினார். அதுலயும் ரெண்டு பாட்டை ஸ்காட் லிட் கையில கொடுத்து மறுபடி மிக்ஸ் பண்ண வேண்டி வந்துச்சு.

உண்மையில கெட்டது கோபேன் இறந்த பிறகு. ரேடியோவுக்கு ஒரு அச்சு கிடைச்சுடுச்சு: அடங்குன சரணம், வெடிக்கிற கோரஸ், தொண்டையில உறுமல். மூணு பேருக்கு அந்த முதல் ரெண்டும் நல்ல ஏற்பாடு, தப்பே இல்ல. சரணத்துல கிட்டாரை அடக்கிட்டு பேஸும் டிரம்ஸும் ஓட்டட்டும், அப்பதான் பெடலை மிதிச்சா அடி விழும். எல்லா இடத்துலயும் டிஸ்டார்ஷன்னா எதுவுமே சத்தமா தெரியாது. உறுமலை விட்டுடுங்க.

பாம்பன்_பெடல்:
தந்தி விஷயம் விட்டுப்போச்சு. வாசிச்சு முடிச்சதும் காய்ஞ்ச துணியைத் தந்திக்கு அடியிலயும் நுழைச்சுத் துடைங்க, அடிப்பக்கம்தான் முதல்ல கறுக்கும். கிட்டாரைச் சுவத்துல தொங்கவிடாம பெட்டிக்குள்ள, சிலிக்கா ஜெல் 50 கிராம் பை ரெண்டு. ஜெல் ஈரத்தை முழுசா உறிஞ்சுனதும் மாத்துங்க. கோட்டிங் போட்ட தந்தி விலை கூட, ஆனா இந்தக் காத்துக்கு அதுதான் கட்டுபடியாகும். ஜாக் கரகரன்னா கான்டாக்ட் கிளீனர் அடிச்சு பிளக்கைப் பத்து தடவை சொருகி எடுங்க. பெடல்ல பேட்டரி போட்டிருந்தா இன்புட் கேபிளை உருவி வைங்க, சொருகியே இருந்தா பெடல் ஆஃப்ல இருந்தாலும் பேட்டரி தீரும்.

டிராப் டி-க்கு (தடிச்ச தந்தியை மட்டும் D சுருதிக்கு) இறக்குறதா இருந்தா ஆறாவது தந்தி, நாலாவது திறந்த தந்திக்குச் சரியா ஒரு ஆக்டேவ் கீழ நிக்கணும். 10-46 தடிமன் தந்தி செட் போதும். அதுக்கும் கீழ போனா தந்தி தொளதொளன்னு ஆகி, அழுத்துறப்ப சுருதி ஏறும். அப்போ 11-ல ஆரம்பிக்கிற செட் போடுங்க.

மண்டபம்_மூணுபேர்:
மிட் 7-க்கு ஏத்தியாச்சு அண்ணே, டிரம்ஸுக்கு மேல இப்போ கேக்குது. தந்தியைத் தொட்டா இரைச்சல் குறையுது. செப்பு டேப் ராமநாதபுரத்துல எந்த மாதிரி கடையில கேக்கணும்?

பாம்பன்_பெடல்:
மொபைல் சர்வீஸ் சாமான் விக்கிற கடையில. ஒட்டுற பக்கமும் மின்சாரம் கடத்துற வகையான்னு மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்து வாங்குங்க. இல்லன்னா ஒவ்வொரு இணைப்பிலயும் ஒரு சொட்டு ஈயம் வைக்கணும்.