ஹார்ட்-லங் மெஷினில் வைத்து ஆபரேஷன்: அதற்குப் பிறகு வரும் குழப்பம் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்குப் போன வாரம் வால்வு மாற்றினார்கள். இதயத்தை நிறுத்தி, அதன் வேலையையும் நுரையீரலின் வேலையையும் அந்த நேரத்தில் பார்த்துக்கொள்ளும் ஹார்ட்-லங் மெஷினில் வைத்துத்தான் செய்தார்கள். எக்கோ (இதய ஸ்கேன்) நன்றாக இருக்கிறது. என் கவலை மற்றதில்தான்.

ஐசியூவிலிருந்து வந்த முதல் ராத்திரி, எறும்பு ஊர்கிறது என்று போர்வையை உதறிக்கொண்டே இருந்தார். என்னைச் சித்தப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இப்போது ஆளை அடையாளம் தெரிகிறது, ஆனால் பேப்பரில் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறார்.

டாக்டர் பொறுமையாகவே விளக்கினார். ரத்தம் மெஷினின் பிளாஸ்டிக் குழாய்களில் ஓடும்போது உடம்பு முழுக்க அழற்சி கிளம்புமாம். ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து முகம், கை, கால் வீங்குமாம். மெஷினை நிரப்பும் திரவம் கலந்து ரத்தம் நீர்த்துப்போவதால் ஹீமோகுளோபின் இறங்கும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் அடிபடும். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று அறிய ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்க்கிறார்கள். குழப்பத்துக்கு மெஷின் மட்டும் காரணமில்லை. வயது, மயக்க மருந்து, வலி மாத்திரை, தூக்கமின்மை எல்லாம் சேரும் என்றார்.

காரணம் புரிந்துவிட்டது. வீட்டில் எப்படிச் சமாளிப்பது என்பதுதான் தெரியவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்து சரியானதா? ஞாபகமும் கவனமும் தெளிய எவ்வளவு காலம் ஆனது? ராத்திரி தூங்க வைக்க என்ன செய்தீர்கள்? மருந்துப் பெயர்கள் வேண்டாம், அதை டாக்டரிடமே கேட்டுக்கொள்கிறேன். அடுத்த செக்கப்பில் நரம்பியல் நிபுணரையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாமா, அவசரப்படுகிறேனா?