அக்யூட் லுகேமியா (வேகமாக முற்றும் ரத்தப் புற்றுநோய்): "என்ன வேலை?" என்று மட்டும் கேட்டால் போதாது

தொழில்நலப் பிரிவிலிருந்து:
லுகேமியா நோயாளியின் கேஸ் ஷீட்டில் "தொழில்: கூலி" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். தெரிய வேண்டியது அங்கேயே போய்விடுகிறது. என்ன பசை, என்ன தின்னர், எந்த வருஷத்திலிருந்து, ஜன்னல் இல்லாத அறையா என்று நாலையும் கேளுங்கள். இஸ்தான்புல்லில் செருப்பு செய்பவர்களைப் பற்றி துருக்கி ரத்தநோய் மருத்துவர் முசாபர் அக்சோய் 1974இல் வெளியிட்ட ஆய்வு இப்படிக் கேட்டதால்தான் வந்தது. காற்றோட்டமில்லாத சின்னப் பட்டறைகள், பென்சீன் என்ற கரைப்பான் கலந்த பசை. சுமார் 28,500 தொழிலாளர்களில் 26 பேருக்கு அக்யூட் லுகேமியா அல்லது அதற்கு முந்தைய நிலை. சிலருக்கு முதலில் எல்லா ரத்த அணுக்களும் குறைந்து, பிறகுதான் லுகேமியா வந்தது.

பென்சீனைக் கல்லீரல் ஃபீனாலாகவும் ஹைட்ரோகுயினோனாகவும் மாற்றுகிறது. எலும்பு மஜ்ஜைக்குப் போனதும் அங்குள்ள மைலாய்டு செல்களின் நொதியான மைலோபெராக்சிடேஸ் அதைக் குயினோனாக்கி டிஎன்ஏவைச் சிதைக்கிறது. அதனால்தான் பென்சீனோடு முதலில் சேர்த்துப் பேசப்படுவது மைலாய்டு வகை லுகேமியா, அதாவது ஏஎம்எல்.

மேலே சொன்னதோடு ஒன்று:
மெக்கானிக் ஷெட்டில் கிரீஸ் போக பெட்ரோலில் கை கழுவுவதை தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். நம் பெட்ரோலில் பென்சீன் 1% வரை இருக்கலாம். தோல் வழியாகவும் உள்ளே போகும். முகத்தில் கட்டும் துணியும் தூசி மாஸ்க்கும் ஆவியைத் தடுக்காது, கரி வடிகட்டி உள்ளதுதான் வேண்டும். பென்சீன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோரம் தேங்கும். உட்கார்ந்து பசை தடவுகிறவர் மூக்கு அந்த உயரத்தில்தான் இருக்கிறது. பீடி, சிகரெட் புகையிலும் இதே பென்சீன் உண்டு.

ஹெமட்டாலஜி லேபிலிருந்து:
பழைய புற்றுநோய் சிகிச்சையின் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கட்டாயம் வாங்கிப் பாருங்கள். "கீமோ எடுத்தார்" என்றால் போதாது, மருந்தின் பெயர் வேண்டும். சைக்ளோஃபாஸ்ஃபமைடு, மெல்ஃபலான் வகை என்றால் அந்த மருந்தாலேயே லுகேமியா பெரும்பாலும் 5 முதல் 7 வருஷம் கழித்து வரும். 5, 7ஆம் குரோமோசோம்களில் இழப்பு தெரியும், அதற்கு முன்பே அணுக்கள் மெல்லக் குறையும். எட்டோபோசைடு என்றால் 1 முதல் 3 வருஷத்திலேயே, முன்னறிவிப்பே இல்லாமல் வரும். அதில் 11ஆம் குரோமோசோமின் கேஎம்டி2ஏ மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்று தேடுங்கள். இதற்குப் பயந்து தேவையான கீமோவை யாரும் விட்டுவிடக் கூடாது. இப்படி வருவது சிலருக்குத்தான்.

குழந்தைகள் பிரிவிலிருந்து:
டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு லுகேமியா ஆபத்து பல மடங்கு அதிகம். பிறந்த சில நாளிலேயே ரத்தத்தில் பிளாஸ்ட் செல்கள் (முதிராத ரத்த அணுக்கள்) தெரிந்து தானாக மறைந்திருந்தால், 4 வயதுவரை ரத்தப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். மற்றபடி பெரும்பாலான குழந்தைகளிடம் காரணம் என்று எதையும் காட்ட முடியாது. "கர்ப்பத்தில் நான் என்ன சாப்பிட்டேனோ" என்று அழும் அம்மாவிடம் இதைத் தெளிவாக, முதல் நாளே சொல்லிவிடுங்கள்.