ரிப்போர்ட்ல அவன்னு எழுதவா, அவள்னு எழுதவா?

மதுரைக்காரி:
எம்எஸ்டபிள்யூ, அதான் சமூகப் பணி படிப்பு, முடிச்சு பசங்க ஹோம்ல சேந்து எட்டு மாசம் ஆகுது. 13 வயசுப் பிள்ளை ஒண்ணு, பையன்னு தான் அட்மிஷன், ராத்திரியானா துண்ட தலைல சுத்தி பின்னல் மாதிரி தொங்கவிட்டுக்கும், முடி வெட்ற ஞாயித்துக்கிழமை வந்தா பாத்ரூம்ல போய் தாழ்ப்பா போட்டுக்கும். என்கிட்ட மட்டும் ஒரு பொண்ணு பேர சொல்லி இப்படி கூப்பிடுங்கக்கான்னுச்சு. எங்க சார் கவுன்சிலிங் குடுத்து மாத்துங்கறாரு, கூட படிச்சவ உடனே திருநர் கார்டு அப்ளை பண்ணுங்கறா. அடுத்த வாரம் சிடபிள்யூசிக்கு, அதான் குழந்தைகள் நலக் கமிட்டிக்கு, ரிப்போர்ட் வேற குடுக்கணும், என்னன்னு எழுதறது?

வக்கீல் தம்பி:
மாத்தறதுங்கற பேச்சே கூடாதுக்கா. 2021ல சென்னை ஹைகோர்ட்ல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், மாத்தறேன்னு ட்ரீட்மென்ட் குடுக்கறதுக்கே தடை போட்டாரு, குடுத்தா டாக்டரோட லைசென்ஸே போகும். கார்டுக்கு 18 வயசு ஆகலன்னா பெத்தவங்களோ கார்டியனோ தான் அப்ளை பண்ணணும். அப்புறம் 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்துல 12வது பிரிவு, திருநர்ங்கற காரணத்துக்காக கோர்ட் ஆர்டர் இல்லாம பிள்ளைய வீட்லேந்து பிரிக்கக் கூடாது. எதுக்கு ஹோமுக்கு வந்துச்சுன்னு முதல்ல ஃபைல பாருங்க.

பழைய ஃபீல்டு ஒர்க்கர்:
அவசரப்படாதம்மா. பிரிட்டன்ல 2024ல, இந்த மாதிரி பிள்ளைங்களுக்கான சிகிச்சைய ஆராய்ஞ்சு ஹிலாரி காஸ்ங்கற டாக்டரோட அறிக்கை வந்துச்சே, பருவத்த தள்ளிப்போடற மருந்துக்கு ஆதாரம் பத்தலன்னுச்சு, சின்னப் பிள்ளைங்களுக்கு பேர் துணிமணி மாத்தறதயும் லேசா எடுத்துக்காதீங்கன்னுச்சு.

வியாசர்பாடி அக்கா:
இங்க மருந்த யார் சார் கேட்டா, முடிய விட்டுடுங்கன்னு தானே அது கேக்குது. பேர் மாத்தறது பெரிய விஷயம்னா புடிச்சு வச்சு முடி வெட்றது மட்டும் சின்ன விஷயமா? நான் ஒம்பதாவது படிக்கறப்ப எனக்கு மொட்ட போட்டு உக்கார வச்சாங்க, அந்த முடி வளர்றதுக்குள்ள வீட்ட விட்டு ஓடிட்டேன்.

பழைய ஃபீல்டு ஒர்க்கர்:
சரி தாயி, அத ஒத்துக்கறேன். ரிப்போர்ட்ல "குழந்தை கூறியது, குழந்தை கேட்டது"ன்னே எழுதும்மா, தமிழ்ல இந்த வசதி இருக்கறப்ப அவன் அவள் தொந்தரவே இல்ல. அது சொன்னத அது வார்த்தையிலயே எழுது, உன் முடிவ எழுதாத. அந்தப் பேர எல்லார் முன்னாடியும் கூப்பிடலாமான்னு அதுகிட்டயே கேட்டுக்கோ, நீ வீட்டுக்குப் போயிடுவ, ராத்திரி டார்மிட்டரில மத்த பசங்களோட அதுதான் படுக்கணும்.

மதுரைக்காரி:
கேட்டேன். உங்க ரூம்ல மட்டும் கூப்பிடுங்கக்கான்னுச்சு. இந்த ஞாயித்துக்கிழமைக்கு தலைல புண்ணுன்னு சொல்லி தள்ளிப்போட்டாச்சு, அடுத்த மாசத்துக்கு, முடிய விட்டுடலாமான்னு கமிட்டில எழுத்துல கேக்கப் போறேன்.