வட்டியைத் தீர்மானிக்கும் நாற்காலி யார் பக்கம்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அமெரிக்க மத்திய வங்கியின் ஆளுநர் குழுவுக்கு ஜெரோம் பவலை 2012இல் கொண்டுவந்தவர் ஒபாமா. 2018இல் தலைவராக்கியவர் டிரம்ப். 2022இல் மறுபடி அமர்த்தியவர் பைடன். அதற்கெல்லாம் முன்பு அவர் கார்லைல் முதலீட்டு நிறுவனத்தின் கூட்டாளி. எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சிகள் இந்த நாற்காலியில் மட்டும் எப்படிக் கைகோத்தன? கொரோனா வந்த 2020இல் வட்டியைப் பூஜ்ஜியத்துக்கு அருகே இறக்கிக் கடன்பத்திரங்களை வாங்கிக் குவித்தார்கள். சுமார் 4 லட்சம் கோடி டாலராக இருந்த வங்கியின் சொத்து 2022இல் 9 லட்சம் கோடியை நெருங்கியது. பங்கு விலை எகிறியது. அங்கே பங்குகளில் பெரும்பகுதி மேல்தட்டுப் பத்து சதவீதத்தாரிடம் இருக்கிறது.

வண்ணாமடை வாத்தியார்:
தம்பி, மீதியை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? 2020 ஏப்ரலில் வேலையின்மை 14.7 சதவீதம், 2022 தொடக்கத்தில் 4 சதவீதம். பணக்காரர் லாபம் பார்க்கக் கூடாது என்பதற்காக ஏழை வேலையில்லாமல் கிடக்க வேண்டுமா? ஆட்சியாளர் கையில் வட்டியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் துருக்கி சாட்சி. வட்டியைக் குறைக்கச் சொன்ன அதிபர் எர்டோகன், தன் சொல் கேட்காத மத்திய வங்கி ஆளுநர்களை 2019இலும் 2021இலும் நீக்கினார். 2022 அக்டோபரில் விலைவாசி உயர்வு அரசுக் கணக்கிலேயே 85 சதவீதத்தைத் தாண்டியது. டாலரும் வீடும் வைத்திருந்தவர் தப்பினார், கூலிக்காரர் மாட்டிக்கொண்டார்.

நகரி விசைத்தறி:
வாத்தியாரே, அரசியல் தலையீடு என்றாலே தீட்டா? 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி நகைக்கடனுக்குக் கெடுபிடியான வரைவு விதிகள் வெளியிட்டது. தமிழ்நாட்டில் கட்சிகள் கூச்சல் போட்டன. நிதியமைச்சகமும் சிறு கடன்காரர்களுக்காகப் பேசியது. ஜூனில் விதி தளர்ந்தது: 2.5 லட்சம் ரூபாய் வரையான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். ஓட்டுக்காகத்தான் பேசினார்கள், இருக்கட்டுமே. கிடைத்தது யாருக்கு?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அதற்கு முன்பு நாங்கள் பட்டதைக் கேளுங்கள். அம்மாவின் நான்கு பவுன் சங்கிலியை எப்போதும் வட்டி மட்டும் கட்டி மாற்றி வைப்போம். திடீரென்று ஒரு கிளையில், அசலையும் கட்டித் திருப்பிவிட்டு மறுநாள் புதிதாக வையுங்கள் என்றார்கள். ஒரே ஒரு ராத்திரிக்காகக் கந்துவட்டிக்குப் புரட்டினோம். மறுநாள் அதே மதிப்பீட்டாளர் அதே சங்கிலியை முன்பின் பார்த்திராதவர் போல உரைகல்லில் தேய்த்தார், எடை போட்டார், கட்டணமும் வாங்கிக்கொண்டார். ஆனால் 2023 ஜூனில் இதே ரிசர்வ் வங்கி, வேண்டுமென்றே கடனைக் கட்டாதவர்களோடும் வங்கிகள் பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளிச் சமரசம் பேசலாம் என்று சுற்றறிக்கை விட்டதே! அவர்களை யார் உரைகல்லில் தேய்த்தார்கள்?

வண்ணாமடை வாத்தியார்:
குற்ற வழக்கு தொடரும், புதுக் கடனுக்குக் குறைந்தது 12 மாதம் காத்திருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. முழுதாகப் படியுங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
படித்தேன். ஏமாற்றியவருக்கும் ஒருநாள் கதவு திறக்கும் என்றுதான் எனக்குப் புரிந்தது.

நகரி விசைத்தறி:
சரி, வழி என்ன? நம் ரிசர்வ் வங்கி ஆளுநரை மத்திய அரசே நியமித்துவிடுகிறது. அங்கே தலைவரை அமர்த்தும் முன் அமெரிக்க செனட் விசாரிப்பது போல, இங்கும் நாடாளுமன்றக் குழு முன் உட்காரவைத்து, நகைக்கடன், பெருங்கடன் இரண்டையும் பற்றிக் கேள்வி கேட்கட்டும்.

வண்ணாமடை வாத்தியார்:
கேட்கட்டும். கேட்கப்போகும் உறுப்பினர், கட்சித் தலைமை எழுதிக்கொடுத்ததைத்தானே வாசிப்பார்?

நகரி விசைத்தறி:
வாசிக்கட்டும் வாத்தியாரே. எழுதிக்கொடுத்தது யார் என்பதாவது நமக்குத் தெரியவரும்.