தடுப்பூசிக்குப் பின் தீராத தோள்வலி: சேலத்தில் யாரை அணுகலாம்?

வணக்கம். ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குச் செல்லும் என் அம்மாவுக்கு, கவாத்துக் கத்தி பட்ட காயத்திற்காக டி.டி. ஊசி போட்டதிலிருந்து, மாதங்கள் கடந்தும் இடது தோள்வலி தீரவில்லை. ஊசி வலி வழக்கமாக இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். அம்மாவாலோ கையைத் தூக்கிக் கொண்டை போடவோ, ரவிக்கைக்குள் கையை நுழைக்கவோ இன்னும் முடியவில்லை. தசையில் போட வேண்டிய ஊசி சற்று மேலே இறங்கிவிட்டால், தோள் மூட்டை ஒட்டிய சவ்வுப்பை வீங்கி வலி இவ்வாறு நீடிக்கக்கூடும் என்று படித்தேன். தடுப்பூசி மீது எனக்குக் குறையில்லை, காயம்பட்டவர்கள் அதைத் தவிர்க்கவே கூடாது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால், தோள் இறுகிவிடுமோ, ஸ்டீராய்டு ஊசி போட்டால் சர்க்கரை ஏறுமோ என்பதே என் கவலை. இதே வலியிலிருந்து மீண்டவர்கள், ஸ்கேன் தேவைப்பட்டதா, இயன்முறைப் பயிற்சி பலன் தந்ததா, சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் எந்தப் பிரிவை முதலில் அணுகலாம் என்று தெரிவித்து உதவ வேண்டுகிறேன்.