தூரிகையை ஓரம் வைத்துவிட்டு அக்ரிலிக்கோடு விளையாடியவர்கள் சொல்லுங்கள்

தூரிகை தொடாமல், வீட்டில் கிடக்கும் சாமான்களை வைத்தே அக்ரிலிக் வண்ணம் தீட்டிப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்று எழுதுங்கள். நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

எனக்குப் பிடித்தது கிளிங் ராப். பாத்திரத்தை மூடி வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்தான். தடிமனான தாளில் வெளிர் மஞ்சளை அடித்து நன்றாகக் காயவிடுவேன். அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் கலந்த கருநீலத்தைப் பூசி, ஈரம் இறங்குவதற்குள் கிளிங் ராப்பைச் சுருக்கங்களோடு விரித்து, அங்கங்கே விரலால் அழுத்தி விடுவேன். உடனே எடுத்தால் மங்கலான திட்டுகள்தான் மிஞ்சும். அப்படியே காயவிட்டு எடுத்தால் ஒவ்வொரு சுருக்கமும் கூர்மையான கோடாக நிற்கும், நடுநடுவே மஞ்சள் எட்டிப் பார்க்கும். பிளாஸ்டிக் மூடியிருப்பதால் காய்வதற்கு நேரம் பிடிக்கும். ராத்திரி முழுக்க அதன் பக்கமே போகாமல் இருப்பதுதான் கஷ்டம்.

சீப்பு, முள்கரண்டி, காலாவதியான வங்கி அட்டை எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்துவிட்டேன். பொருள் எதுவானாலும் சரி, அதை எப்போது வைக்கிறோம், எப்போது எடுக்கிறோம் என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. அக்ரிலிக் என்பது நிறமித் தூளும் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களும் தண்ணீரில் மிதக்கும் கலவை. தண்ணீர் ஆவியானதும் துகள்கள் நெருங்கி ஒன்றோடொன்று சேர்ந்து படலமாகிவிடும், அதன் பிறகு தண்ணீர் விட்டுக் கரைக்க முடியாது. ஈரமாக இருக்கும்போது சீப்பு அழகாகக் கோடு போடும். மேலே லேசாக ஆடை படிந்த பிறகு இழுத்தால் வண்ணம் பிய்ந்துகொண்டு வரும். சிலருக்கு அந்தப் பிய்ந்த விளிம்பும் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது.

★

எங்கள் வீட்டில் நூல்தான். பருத்தி நூலை வண்ணத்தில் முக்கி, மடித்த தாளின் ஒரு பக்கத்தில் வளைத்து வளைத்து வைத்து, ஒரு நுனியை வெளியே விட்டுத் தாளை மூடி, மேலே கனமான புத்தகத்தை வைத்து நூலை மெதுவாக உருவ வேண்டும். பிரித்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இதழ் விரிந்திருக்கும். குழந்தைகளுக்கு உருவுவதில் ஆனந்தம், எனக்குப் பிரிப்பதில். வண்ணம் தயிர் பதத்தைவிடக் கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும், கெட்டியாக இருந்தால் நூல் அசையாது. தாளை மூடி வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

இப்படி அழுத்திப் பிரிப்பதற்கு டெகல்கோமேனியா என்று பெயர். 1930களில் ஸ்பானிய ஓவியர் ஆஸ்கார் டொமிங்கேஸ், குவாஷ் எனும் ஒளி ஊடுருவாத நீர்வண்ணத்தைத் தாள்களுக்கு நடுவில் அழுத்திப் பிரித்து ஓவியமாக்கினார். ஜெர்மானிய ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் அதையே எண்ணெய் வண்ணத்தில் செய்தார். அதற்கு முன்பே 1925இல், தேய்ந்த தரைப்பலகையின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து மரத்தின் ரேகைகளைப் படமாக எடுத்தவரும் இதே எர்ன்ஸ்ட்தான். ஆகவே வீட்டில் யாராவது "இதெல்லாம் ஒரு ஓவியமா?" என்று கேட்டால் பதில் கைவசம் இருக்கிறது.

★

முதலில் எழுதியவரோடு பாதிதான் ஒத்துப்போகிறேன். நேரத்தைச் சரியாகப் பிடித்தாலும், எதன் மேல் அடிக்கிறோம் என்பது தப்பினால் எல்லாம் வீண். நான் தாளே தொடுவதில்லை. பாட்டில், தொட்டி, கல், தகர டப்பா, இவைதான்.

கல் சொன்ன பேச்சைக் கேட்கும். கழுவி நன்றாகக் காயவைத்தால் போதும், வண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடி நேர் எதிர். கைரேகையின் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலே வண்ணம் விலகும், அதனால் ரப்பிங் ஆல்கஹாலால் (கிருமிநாசினியாக விற்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) துடைத்துவிட்டு அப்புறம் விளிம்பை மட்டும் பிடித்துக்கொள்வேன். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி மெல்லிய பூச்சாக ஒற்ற வேண்டும். முதல் பூச்சைப் பார்த்தால் மனசு விட்டுப்போகும், திட்டுத்திட்டாக இருக்கும். அதைக் காயவிட்டு அடுத்ததை ஒற்றுங்கள், மூன்றாவதில் நிறைந்துவிடும். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே கழுவிவிடாதீர்கள். உள்ளே முழுதாக இறுக நாட்கள், சில சமயம் வாரங்கள்கூட ஆகும். குடிக்கும் டம்ளர் என்றால் வாய் படும் இடத்தையும் உட்புறத்தையும் விட்டுவிடுங்கள், இது உணவு படுவதற்கான வண்ணம் அல்ல.

மண் தொட்டியில் வேறு வம்பு. வெளியே எவ்வளவு நன்றாக ஒட்டினாலும், செடிக்கு ஊற்றும் தண்ணீர் சுவர் வழியாகக் கசிந்து வந்து பூச்சைப் பின்னாலிருந்து தள்ளும். கொப்புளம் வந்து செதில் செதிலாக உதிரும். உட்புறத்தில் நீர்புகாப் பூச்சு ஒன்று கொடுத்த பிறகு அந்தத் தொல்லை அடங்கியது. தகர டப்பாவுக்கு உப்புத்தாளும் உலோக பிரைமரும் (வண்ணம் பிடிக்க முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) இருந்தால் சரி.

★

உப்பு தூவினால் நட்சத்திரம் பூக்கும் என்று பார்க்கும் இடமெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்களே, அக்ரிலிக்கில் யாருக்காவது வந்ததா? எனக்குத் தெரிந்து அது நீர்வண்ணத்தின் வித்தை. அக்ரிலிக்கை மிகவும் நீர்க்க அடித்தால் லேசாக ஏதோ தெரிகிறது. கொஞ்சம் கெட்டியானாலும் உப்பு படலத்துக்குள் மாட்டிக்கொண்டு நறநறவென்று நிற்கிறது.

அதற்குப் பதிலாக ரப்பிங் ஆல்கஹாலைச் சொட்டிப் பாருங்கள். நீர்த்த வண்ணம் ஈரமாக இருக்கும்போது ஒரு சொட்டு விட்டால், அந்த இடத்தில் பரப்பு இழுவிசை குறைந்து, சுற்றியுள்ள வண்ணம் விலகி ஓடி வளையமாகிவிடும். காதைத் துடைக்கும் பஞ்சுக் குச்சியில் தொட்டு வைத்தால் அளவு கைக்குள் இருக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது.

வெடிப்பு வேண்டுமென்றால் வெள்ளைப் பசை. காய்ந்த வண்ணத்தின் மேல் பசையைத் தாராளமாகப் பூசி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே மேலே வேறு நிறத்தை ஒரே வீச்சில் அடிக்க வேண்டும். மேல் பூச்சு சீக்கிரம் காய்ந்து சுருங்கும், அடியில் பசை இன்னும் நழுவும், வண்ணம் விரிசல் விட்டுவிடும். திரும்பத் திரும்ப அடித்தால் எல்லாம் ஒன்றாகக் கலங்கிவிடும்.

★

நான் மிச்சம் பிடிக்கும் ஆள். தட்டில் மீந்த வண்ணத்தைக் கழுவி ஊற்ற மனசு வராது. வழவழப்பான பிளாஸ்டிக் கோப்பு உறையின் மேல் கொட்டி, அட்டையால் தடிப்பாக இழுத்து, நன்றாகக் காய்ந்ததும் ஓரத்தை நகத்தால் கிளப்பினால் முழுத் தோலாக உரிந்து வரும். கண்ணாடியில் ஒட்ட மாட்டேன் என்று மேலே ஒருவரைப் படுத்திய அதே குணம் இங்கே உபகாரம். அந்தத் தோலைக் கத்தரியால் வெட்டி, அக்ரிலிக் மீடியத்தை (நிறமி சேர்க்காத அக்ரிலிக், பசைபோல ஒட்டும்) தடவி நோட்டு அட்டை, பெட்டி எதன் மேலும் ஒட்டலாம். அடிப்பக்கம்தான் பளபளவென்று இருக்கும் என்பதால் நான் அதையே மேலே காட்டி ஒட்டுவேன்.

ஆனால் இந்தத் தோல்களையோ தீட்டிய தாள்களையோ முகத்தோடு முகம் அடுக்காதீர்கள். காய்ந்த பிறகும் அக்ரிலிக்குக்குக் கொஞ்சம் பிசுக்கு உண்டு, வெயில் காலத்தில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். நடுவில் சிலிக்கான் பூசிய பேக்கிங் தாள் ஒன்றை வையுங்கள்.

★

ஒரு அவசரக் கேள்வி. பழைய பல் துலக்கும் பிரஷால் வண்ணத்தைத் தெறிக்கவிட்டேன், படம் பிரமாதம். சட்டையிலும் தெறித்துக் காய்ந்துவிட்டது. போகுமா?

★

முதலில் எழுதியவன்தான். ஈரமாக இருந்திருந்தால் சோப்பும் தண்ணீருமே போதும். காய்ந்துவிட்டதால், துணியின் மறைவான மூலையில் சோதித்துவிட்டு, ரப்பிங் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சைக் கறையின் மேல் சற்று நேரம் வையுங்கள். படலம் இளகும், அப்போது பின்பக்கத்திலிருந்து சுரண்டிப் பாருங்கள். முழுதாகப் போகும் என்று சொல்ல மாட்டேன். அடுத்த முறை ஒரு அட்டைப் பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, படத்தை அதற்குள் வைத்துத் தெறிக்கவிடுங்கள்.

★

நன்றி. பாதி போயிற்று. மீதிக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் தெறிக்கவிட்டேன், இப்போது டிசைன் என்று சொல்லிக்கொள்கிறேன்.